மூச்சை யார் எண்ணுவது?

மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையை வாசிக்கும் பழக்கம் எனக்குத் தொழிலோடு வந்தது. மானிட்டர், பி.பி. கருவி, இ.சி.ஜி. எந்திரம் இவற்றைப் பழுது பார்ப்பதும், அளவு சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதும் என் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கரையை ஒட்டியே போய்வந்துகொண்டிருப்பேன். கருவி காட்டும் எண்ணையும் அட்டையில் எழுதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழுது எங்கே என்று பிடிபடும். அப்படிப் பார்க்கையில் பி.பி. ஆளுக்கு ஆள் மாறியிருக்கும், நாடி மாறியிருக்கும், காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதும் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எண் நிற்கும்: 20. பக்கத்துக் கட்டிலிலும் 20. காலையிலும் 20, நள்ளிரவிலும் 20. இழுப்பு வந்து உட்கார்ந்தே தூங்குகிறவருக்கும், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் அதே 20. சில இடங்களில் வழக்கம் 18.

எழுதியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ராத்திரி டியூட்டியில் ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறவன் நான். 30 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் நின்று மூச்சை எண்ணினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். அதற்குள் எங்கோ ஒரு டிரிப் முடிந்திருக்கும், யாரோ வாந்தி எடுத்திருப்பார்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளின் அட்டைகளை எடுத்து ஆராய்ந்தவர்களும் மூச்சு எண்ணிக்கை இப்படி 18, 20 என்ற எண்களிலேயே குவிந்து கிடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் கரையின் குறை மட்டும் என்றால் நம் கரையிலேயே பேசித் தீர்த்துவிடலாம். உலகமே எண்ணாமல் விட்டுவிட்ட ஒன்று எப்படி அட்டையில் இன்னும் ஒரு கட்டமாக இருக்கிறது என்பதுதான் என்னை வெகுநாள் உறுத்தியது. அந்த உறுத்தல் உறுதியான கருத்தாக மாறியது என் அத்தையின் விஷயத்தில். அதற்கு முன் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உப்புக்காற்றில் ஒரு கருவி

கடற்கரையில் மின்கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காற்றின் வேலை தெரியும். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும். மானிட்டரின் கேபிள் செருகும் இடத்தில் பொன்பூச்சு போய்ச் செம்பு தெரியும். பி.பி. கருவியின் ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு இருக்கும். காற்று அதன் வழியே கசிந்து அளவைக் கெடுக்கும். கைப்பட்டையின் ஒட்டுத்துணியில் மணலும் நூலும் அடைத்து, காற்று ஏறும்போது படபடவென்று பிரிந்துவிடும். முள் வைத்த பி.பி. மீட்டரைக் காற்றில்லாமல் மேஜைமேல் வைத்தால் முள் சுழியத்தில் நிற்க வேண்டும். 6, 8 என்று தள்ளி நிற்கிற மீட்டரை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப்பேருக்குப் பிரஷர் என்று மாத்திரை கொடுக்க முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டிய பொருள் அது. வாங்கிய நாளிலிருந்து யாரும் திறந்து பார்க்காதவற்றை நிறையக் கண்டிருக்கிறேன்.

கருவி சரியாக இருந்தாலும் கை சரியாக அமைய வேண்டும். வலை இழுத்து இழுத்து உரம் ஏறிய கைகள் இங்கே அதிகம். கடைகளில் கிடைக்கும் நடுத்தர அளவுப் பட்டை அந்தப் புஜத்தைச் சுற்றி வர முடியாமல் நுனியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் காற்றுப்பை புஜத்தின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விசைப்படகிலிருந்து இறங்கி நேரே வந்து உட்கார்ந்த ஆளுக்குச் சின்னப் பட்டையைக் கட்டி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தினால் வருகிற எண்ணுக்கும் அவர் ரத்தக்குழாய்க்கும் தொடர்பு குறைவு. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஒருமுறை. இதெல்லாம் எந்திரத்தோடு வரும் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது.

பொத்தான் பி.பி. கருவி நாடியின் ஓசையைக் கேட்பதில்லை. 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரொட்காஃப் கண்டு சொன்ன அந்தத் தட்டல் ஓசை, ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்கிற டாக்டருக்கும் நர்ஸுக்கும் உரியது. எந்திரம் பட்டைக்குள் காற்று இறங்கும்போது எழும் அதிர்வுகளை அளக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாக எடுத்துக்கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் தனக்குள் எழுதி வைத்த கணக்கின்படி சொல்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களிடம் இந்தக் கணக்கு தடுமாறும்.

பாதரசம் போன கதையையும் இங்கே சொல்லாமல் தாண்ட முடியவில்லை. பழைய டாக்டர்கள் பலர் பாதரசக் கம்பம் நின்ற பி.பி. பெட்டியை இன்றும் நினைத்து ஏங்குகிறார்கள். துல்லியத்தில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பெட்டிகளையும் பாதரச தெர்மாமீட்டர்களையும் 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்த சர்வதேச ஒப்பந்தத்தின் பெயர் மினமாட்டா. அது ஜப்பானில் ஒரு மீன்பிடி ஊர். ஆலை ஒன்று வளைகுடாவில் விட்ட கழிவுப் பாதரசம் மீனில் ஏறி, மீனைத் தின்ற பூனைகளையும் மனிதர்களையும் நரம்பைத் தாக்கி முடக்கிப்போட்டது. 1956இல்தான் அதை நோய் என்று அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தார்கள். மீனையே நம்பி வாழும் நம் ஊர்க்காரர்கள், வீட்டில் உடைந்த தெர்மாமீட்டரின் உருண்டைகளைப் பிள்ளைகள் உருட்டி விளையாட விடும்போது எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வரும்.

விரலில் மாட்டும் பெட்டி

2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு நம் கரையில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். அதன் மேல் எனக்கு மரியாதை அதிகம். டக்குவோ ஆவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் வேறு ஒன்றை அளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சாயம் ஏற்றி, காது மடல் வழியே ஒளியைச் செலுத்தி, இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று கணக்கிட முயன்றார். நாடியின் துடிப்பு அந்த அளவில் ஏறி இறங்கித் தொந்தரவு கொடுத்தது. தொந்தரவை நீக்க வழி தேடியவர், அந்தத் துடிப்பே தமனி ரத்தத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்று கண்டார். 1974இல் அதைத் துறை அறிஞர்களின் மாநாட்டில் வைத்தார். அவர் இறந்தது 2020 ஏப்ரலில், உலகம் முழுக்க மக்கள் அந்தக் கருவியை மருந்துக்கடைகளில் தேடத் தொடங்கியிருந்த சமயத்தில்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன எல்.இ.டி. விளக்குகள். ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. மறுபக்கம் ஒளியை வாங்கும் உணரி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இறங்கியது சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டின் விகிதத்திலிருந்து சதவீதம் வருகிறது. அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. ஆனால் இந்த அளவுக்கு எல்லைகள் உண்டு. கடலுக்குள் மணிக்கணக்காக நின்றுவிட்டு வந்தவரின் விரல் குளிர்ந்து சுருங்கியிருக்கும். ரத்தம் நுனிக்கு வராதபோது பெட்டி கோடுகளைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், அல்லது ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். நெய்ல் பாலிஷும் கறுப்பாக ஏறிய மருதாணியும் ஒளியை மறிக்கும். தோலின் நிறமும் ஒரு விஷயம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ரத்த ஆக்சிஜன் 88க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். வெயிலில் கருத்த தோல்காரர்கள் வாழும் கரையில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கரைக்குத் திரும்பிய வள்ளங்களில் எத்தனை நிறைந்து வந்தன என்று மட்டும் ஒருவர் சொல்கிறார், மொத்தம் எத்தனை வள்ளம் கடலுக்குப் போயின என்று சொல்லவில்லை என்றால் சந்தைக்கு எவ்வளவு மீன் வரும் என்று நமக்குத் தெரியாது. ஆக்சிமீட்டர் அப்படிப்பட்ட ஆள். ரத்தச்சோகையில் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த பெண்ணுக்கும் அது 98 என்று காட்டும். இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபின் முழுசாக நிறைந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

அந்தச் சாயங்காலம்

என் அத்தை வீடு கீழக்கரைக்குக் கிழக்கே, தென்கடல் கரையில். வள்ளத்தில் தீவுப்பக்கம் போய்க் கடல்பாசி எடுப்பவர். விரலுக்குத் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் சேர்க்கும் வேலை. சர்க்கரையும் பிரஷரும் கொஞ்ச காலமாக உண்டு. காலில் பாறை கிழித்த காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போயிருக்கிறார். உப்புத்தண்ணி பட்டால் புண் ஆறிவிடும் என்று நம் கரையில் எல்லோரும் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவரின் காலுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

நான் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போய்விட்டுச் சாயங்காலம் அவர்கள் வீட்டில் நுழைந்தபோது அத்தை திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் ஒரு கிளினிக்கில் காட்டி, ஊசி போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம். "வா மருமவனே" என்றவர் அடுத்த வார்த்தைக்கு முன் நின்றார். "சாப்புட்டியா" என்று முடித்தார். மச்சான் வீட்டிலிருந்த கருவிகளையெல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டிருந்தான். ஆக்சிஜன் 96. நாடி 84. காய்ச்சல் 98.8. பிரஷர் 110க்கு 70. "எல்லாம் நார்மல்தான் மாப்ள, அசதியா இருக்குங்குது" என்றான். கருவிகளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பேட்டரி நன்றாக இருந்தது, பட்டை சரியான அளவு. எந்தக் கருவியிலும் பழுது இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். மாமா அவரையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் வந்தார், மச்சான் எண்களைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். அத்தைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் கண் அத்தையின் வயிற்றுப்பக்கம் சேலை ஏறி இறங்குவதில் இருந்தது. இன்னொரு கையில் கைக்கடிகாரம். மாமா ஏதோ கேட்க வாயெடுத்தார். "கொஞ்சம் பேசாம இருங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்றார். அந்த ஒரு நிமிஷம் முழுதும் வீட்டில் யாரும் பேசவில்லை. முடிந்ததும், "முப்பத்திரெண்டு" என்றார்.

பிறகுதான் கேள்விகள். "காச்ச மாத்திரை போட்டீங்களாத்தா?" மத்தியானம் போட்டிருக்கிறார். "பிரஷருக்கு என்ன மாத்திரை?" மச்சான் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தான்; அட்டெனலால். "மக்களைத் தேடி மருத்துவத்துல குடுத்த நோட்டு எங்க?" நோட்டைப் புரட்டினார். மாதாமாதம் வீட்டுக்கு வந்த தன்னார்வலர் எழுதிவிட்டுப் போன எண்கள் இருந்தன: 150க்கு 90, 156க்கு 94, 148க்கு 90. நர்ஸ் நோட்டை மூடினார். "இவங்களுக்கு நூத்திப்பத்து நார்மல் இல்ல தம்பி. எறங்கிக்கிட்டு வருது. நூத்தியெட்டுக்கு அடி."

அந்தத் திண்ணையில் நடந்ததைப் பலமுறை மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான்கு எண்களும் உண்மையைத்தான் சொல்லின. காய்ச்சல் இல்லை, ஏனென்றால் பாராசிட்டமால் அதை அமுக்கி வைத்திருந்தது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கிருமி ரத்தத்தில் ஏறியபோதுகூடக் காய்ச்சல் எழாமலிருப்பது உண்டு. நாடி 84தான், ஏனென்றால் அட்டெனலால் நாடியை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து. மருந்தின் மேல் பிழையில்லை, கொடுத்த வேலையைச் செய்தது. பிரஷர் 110 என்பது எனக்கும் உங்களுக்கும் நல்ல அளவு. வருஷக்கணக்காக 150இல் இருந்த ரத்தக்குழாய்களுக்கு அது 40 புள்ளி சரிவு. ஆக்சிஜன் 96 இருந்தது, ஏனென்றால் நுரையீரலில் நோய் இல்லை. இந்த நான்கில் எதையும் தனியே எடுத்து அத்தைக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. சேர்த்து வைத்தாலும் சொல்ல முடியாது. மூச்சு மட்டும் சொன்னது.

ஏன் மூச்சு சொல்கிறது? காலிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவும்போது திசுக்களில் அமிலம் சேர்கிறது. கழுத்துத் தமனியின் பக்கத்திலும் மூளைத்தண்டிலும் அந்த அமிலத்தை முகர்கிற செல்கள் இருக்கின்றன. அமிலம் கூடியதும் அவை மூச்சை வேகப்படுத்துகின்றன. கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளினால் ரத்தத்தின் அமிலம் குறையும். சர்க்கரை மிகக் கூடி ரத்தம் அமிலமாகும்போதும் இதேதான் நடக்கிறது. பாராசிட்டமால் இந்த மூச்சை அமுக்குவதில்லை. பிரஷர் மாத்திரை இதை மறைப்பதில்லை. மற்ற எண்களைத் தாங்கிப் பிடிக்க உடம்பு செய்கிற உழைப்பே மூச்சின் வேகமாக வெளியே தெரிகிறது. பிரித்தானிய மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிஷத்துக்கு 25 மூச்சு அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே உச்சபட்சமான 3 மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். அத்தையின் காய்ச்சலுக்கும் நாடிக்கும் 110 பிரஷருக்கும் அந்த முறையில் பெரிதாக ஒன்றும் விழாது. அந்த நர்ஸ் அம்மாவுக்கு இந்த மதிப்பெண் முறை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 2022இல் அந்தக் கல்லூரி வருவதற்கு முன் இப்படிப்பட்டவர்களை மதுரைக்கு ஏற்றிப் போவதுதான் எங்கள் பக்கத்தில் வழக்கம். வழியில் உயிர் போன கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. டிரிப், ஆன்டிபயாடிக், காலைத் திறந்து சீழ் எடுத்தது, ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. அத்தை பிழைத்தார். இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் பாசி உலர்த்துகிறார்.

எந்திரம் எண்ணுகிற மூச்சு

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது: மானிட்டரில் மூச்சும் வருகிறதே? வருகிறது. நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. எலக்ட்ரோடுகள் வழியாகவே எந்திரம் உடம்புக்குத் தெரியாத மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்புகிறது. நெஞ்சு விரியும்போது மின்தடை மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நிமிஷத்துக்கு இத்தனை என்று காட்டும். பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மானிட்டரின் எண்களில் நான் கடைசியாக நம்புவது இதைத்தான். வியர்வையில் எலக்ட்ரோடு ஒரு ஓரம் பெயர்ந்தால் போச்சு. நம் ஊர்ப் புழுக்கத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத கட்டிலில், அது பெயராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிரித்த பாக்கெட்டில் கிடந்து ஜெல் காய்ந்த எலக்ட்ரோடைத்தான் பல இடங்களில் ஒட்டுகிறார்கள். நோயாளி பேசினால், இருமினால், திரும்பிப் படுத்தால் எண் குதிக்கும். மூச்சு மேலோட்டமாக இருந்தால் இதயத் துடிப்பையே மூச்சு என்று எண்ணிவிடும். வயிற்றால் மூச்சு விடுகிறவருக்கு நெஞ்சில் அசைவே பிடிபடாது. இப்படிப் பொய்யாகக் கத்திக் கத்தி, கடைசியில் மூச்சுக்கான அலாரத்தை அணைத்து வைத்திருக்கும் மானிட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அணைத்தவர்களின் காது எத்தனை அலாரத்தைத்தான் தாங்கும்?

ஆக்சிஜனுக்கு மானிட்டரில் அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் வரும் பீப் ஒலியின் சுருதி, ஆக்சிஜன் இறங்க இறங்கத் தாழ்ந்துகொண்டே வரும். திரும்பிப் பார்க்காமலே மயக்க மருந்து டாக்டர் தலை நிமிர்வார். மூச்சுக்கு அப்படி ஒரு ஒலியை யாரும் தரவில்லை. மூக்கின் கீழே குழாய் வைத்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி மூச்சைச் சரியாக எண்ணும்; அது ஆபரேஷன் தியேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருக்கும், சாதாரண வார்டுக்கு வராது, திண்ணைக்கு வரவே வராது.

நாடிக்கு ஒரு நிமிஷம் வேண்டும் என்று 1707லேயே ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு நிமிஷம் மட்டும் ஓடும் கடிகாரத்தைச் செய்வித்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு நாடி, வெப்பம், அழுத்தம், ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றும் மனிதக் கையிலிருந்து பெட்டிக்குப் போனது. போனதில் நன்மையே அதிகம். பெட்டிக்குள் ஒழுங்காகப் போக மறுத்தது மூச்சு ஒன்று. பெட்டி இல்லாததாலேயே அதை யாரும் அளப்பதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருவிகளை வைத்துப் பிழைக்கும் நான் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எண்ணுகிறோமே

வியப்பு என்னவென்றால், எண்ணத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சளி இருமல் என்றால் கிராம சுகாதார செவிலியர்கள் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் எண்ணுகிறார்கள். பிறந்து இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேக மூச்சு, நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அந்த எண்ணிக்கை எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதே செவிலியர் அதே வீட்டில் படுத்திருக்கும் பாட்டியின் மூச்சை எண்ணுவதில்லை. யாரும் கேட்கவில்லை, நோட்டில் கட்டம் இல்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அத்தையைக் காப்பாற்றியதில் அந்த நோட்டுக்குப் பாதிப் பங்கு. பழைய 150 எழுதப்படாமல் இருந்திருந்தால் புதிய 110ஐப் பார்த்து யாரும் பயந்திருக்க மாட்டார்கள். அந்த நோட்டில் பிரஷருக்குப் பக்கத்தில் மூச்சுக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அவர்களுக்கு வேலைப்பளு கூடும் என்பது உண்மை. ஒவ்வொரு வருகையிலும் வேண்டாம், உடம்பு சரியில்லை என்று படுத்திருப்பவருக்கு மட்டும் எண்ணட்டும். கருவி வாங்க ஒரு ரூபாய் தேவையில்லை, சரிபார்க்க என்னைப் போன்ற ஆள் தேவையில்லை, உப்புக்காற்று அதைத் தின்னாது.

வீட்டில் எண்ணுகிறவர்களுக்கு: எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். அந்த நர்ஸ் அம்மா செய்தபடி நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. மாடி ஏறி வந்தவுடனோ அழுதுகொண்டிருக்கும்போதோ வேண்டாம், சற்று ஓய்ந்திருக்கும்போது எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் ஒன்று தவறினால் நாலு தவறும். முழு நிமிஷம் வேண்டும். பெரியவர்களுக்கு 12இலிருந்து 20 வரை இயல்பு. 20ஐத் தாண்டினால் எழுதிவைத்து அரை மணியில் மறுபடி எண்ணுங்கள். 25 ஆகிவிட்டால், அல்லது ஆள் குழம்பிப் பேசினால், விரலில் மாட்டிய பெட்டி 98 காட்டினாலும் 108ஐக் கூப்பிடுங்கள். போனை எடுப்பவரிடம் மற்ற எண்களுக்கு முன்னால் மூச்சு எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.